பாங் சுன்னாம் கொண்டுவராத தேநீர்

பாங் சுன்னாமுக்கு அந்தப் பெயரை வைத்தது அவள் அப்பா. கொரியாவின் புசான் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நான்காவதும் பெண்ணாகப் பிறந்துவிட்ட வெறுப்பில், அடுத்ததாவது ஆணாக இருக்கட்டும் என்று பெயருக்குள்ளேயே 'ஆண்' என்று பொருள்படும் 'நாம்' என்ற எழுத்தைச் சொருகி வைத்தார். அடுத்ததும் பெண்ணாகவே பிறந்தது. "எங்க அக்காவுக்குக் கோபம் பேரோடயே வந்தது" என்று அந்த ஐந்தாவது பெண் இன்றைக்கும் சொல்வாள்.

சுன்னாம் வணிக உயர்நிலைப் பள்ளியில் படித்தாள். கொரிய எழுத்தோ ஆங்கில எழுத்தோ, விசையைப் பார்க்காமல் தட்டச்சு செய்வாள். முதல் நிலைச் சான்றிதழ் வைத்திருந்தாள். அதைப் பார்த்துத்தான் 1982இல் புசானின் சாசாங் பகுதியில் ஒரு காலணித் தொழிற்சாலையின் ஏற்றுமதிப் பிரிவில் அவளுக்கு வேலை கொடுத்தார்கள். ரப்பரும் பசையும் மணக்கிற மூன்று மாடிக் கட்டடம். கீழே இரண்டாயிரம் பெண்கள் காலணி ஒட்டினார்கள். மேலே அலுவலகம். அங்கே நாற்பது ஆண்கள், ஒன்பது பெண்கள். ஆண்கள் அவரவர் சட்டையில் வருவார்கள், பெண்களுக்கு மட்டும் கருநீலச் சீருடை. ஆண்களைப் பதவி சொல்லி அழைப்பார்கள். பெண்கள் எல்லோரும் 'மிஸ்'.

வேலை உத்தரவில் 'தட்டச்சர்' என்றுதான் இருந்தது. ஆனால் முதல் நாள், அவள் உட்காரும் இடத்தைக் காட்டுவதற்கு முன்னால் வெந்நீர் அறையைக் காட்டினார்கள். மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவு இடம். எரிவாயு அடுப்பு, இரண்டு பெரிய கெண்டி, தட்டு, வரிசையாகக் கோப்பைகள். காலையில் அரை மணி முன்னதாக வந்து மேசைகளைத் துடைத்து, பார்லித் தண்ணீர் கொதிக்கவைத்து, ஒவ்வொருவரும் உள்ளே நுழைந்து நாற்காலியில் சாய்ந்ததும் கையில் கோப்பை இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு நாள் முழுக்க ஒரே ஒரு சொல்தான்.

"ஏய், ச்சா!"

நம் ஊரில் சலித்துக்கொள்ளும்போது வாயிலிருந்து வருமே, ஏறக்குறைய அதே ஒலி. அங்கே அதற்குத் தேநீர் என்று பொருள். தேயிலை போட்டதும் ச்சா, தேயிலையே போடாததும் ச்சா. ஜின்செங் வேர்த் தூளை வெந்நீரில் கலக்கினால் ச்சா. இலந்தைப் பழத்தையும் இஞ்சியையும் சுண்டக் காய்ச்சினால் ச்சா. யுல்மு என்ற தானியத்தை வறுத்து அரைத்த மாவைக் கரைத்தாலும் ச்சாதான். அலுவலகத்து ஆண்கள் காபியையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். ஆகவே "ஏய், ச்சா" என்று ஒருவர் கத்தினால் அவருக்கு எது வேண்டும் என்பது கத்தியவருக்கே வெளிச்சம். தப்பாகக் கொண்டுபோனால், "மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுக்க வேணாமா?" என்பார்கள்.

நான்கு வருடம் அவள் மூஞ்சிகளைப் பார்த்தாள். இயக்குநர் நம்குங்குக்குத் தொண்டை கரகரத்தால் இஞ்சி, மாமியார் வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் என்றால் இலந்தை. பிரிவுத் தலைவர் பியோவுக்குக் காலையில் காபி, பதினோரு மணிக்கு ஜின்செங், முந்தின நாள் குடித்திருந்தால் அதில் தேன். எல்லாம் மனப்பாடம்.

1986 வசந்தத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. மதியம் பன்னிரண்டுக்குள் சுங்கத் தரகரிடம் சேர வேண்டிய கப்பல் தாள்கள் பதினோரு பக்கம் அவள் மேசைக்கு வந்தன. அன்றைக்கென்று பார்த்து இரண்டு கூட்டம், மூன்று விருந்தாளிகள். பன்னிரண்டு அடித்தபோது நான்கு பக்கம்தான் முடிந்திருந்தது. சரக்குப் பெட்டி கரையிலேயே நின்றது, கப்பல் போய்விட்டது.

பிரிவுத் தலைவர் பியோ அவளை நிற்கவைத்துக் கேட்டார். "உன்னால எவ்வளவு பெரிய தலைகுனிவு தெரியுமா? மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடு. நடந்ததை ஒண்ணு விடாம எழுது."

"ஒண்ணு விடாமலா?"

"ஒண்ணு விடாம."

அவள் உட்கார்ந்து எழுதினாள். இரண்டு பக்கம் வந்தது. அதில் ஒரு பகுதி இப்படி இருந்தது:

"ஒன்பது மணி ஐந்து நிமிடம். துணைத் தலைவர் 'ஏய், ச்சா' என்றார். எது என்று சொல்லவில்லை. ஜின்செங் கொண்டுபோனேன். காபி என்றார். மறுபடி போய்க் காபி கொண்டுவந்தேன். ஒன்பது இருபது. பிரிவுத் தலைவர் 'ச்சா கொண்டா' என்றார். கொண்டுபோனேன். அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்ததால் ஆறிவிட்டது. 'இது என்ன, வாய் கொப்புளிக்கவா?' என்றார். புதிதாகக் கொண்டுபோனேன். ஒன்பது நாற்பது. கூட்ட அறை, ஏழு பேர், நான்கு வகை..." கடைசியில்: "மூன்று மணி நேரத்தில் முப்பத்தொரு கோப்பை, நான்கு பக்கம். கோப்பையில் ஒன்றும் சிந்தவில்லை. பக்கங்களில் எழுத்துப் பிழை இல்லை. எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று குறிப்பிட்டுச் சொன்னால் கேட்கத் தயாராக இருக்கிறேன்."

பியோ படித்தார். காது மடல் சிவந்தது. கிழித்துக் குப்பையில் போட்டார். அவள் ஏற்கெனவே இரண்டு படி எடுத்து, ஒன்றை இயக்குநர் மேசையிலும் ஒன்றைப் பணியாளர் பிரிவிலும் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

அதற்குப் பதில் வரவில்லை. கண்டன ஓலை மட்டும் வந்தது. அது வந்த மறுநாள் காலை வெந்நீர் அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, நல்ல எழுத்தில் தட்டச்சு செய்து, நான்கு முனையிலும் பசை தடவி.

"ச்சா என்று ஒரு பானம் கிடையாது. ஜின்செங், யுல்மு: கலக்குவது. பார்லி: கொதிக்கவைப்பது. பச்சைத் தேயிலை: ஊறவிடுவது. இலந்தை, இஞ்சி: சுண்டக் காய்ச்சுவது, முக்கால் மணி ஆகும். காபி ச்சாவில் சேராது. எது வேண்டுமோ அதன் பெயரைச் சொல்லிக் கேட்கவும். 'கொண்டா' என்பது நாயிடம் சொல்வது. மனிதரிடம் 'கொண்டுவருகிறீர்களா' என்று கேட்பது வழக்கம். 'ஏய்' என்பது என் பெயர் அல்ல. பாங் சுன்னாம், ஏற்றுமதிப் பிரிவு."

அன்று முழுக்க அலுவலகத்தில் அதே பேச்சு. சிலர் கதவு முன்னால் நின்று சத்தமாக வாசித்துச் சிரித்தார்கள். சிலர் வாசித்துவிட்டுச் சத்தமில்லாமல் போனார்கள். பியோ மட்டும் அவள் மேசைக்கு வந்து, இடுப்பை வளைத்து, அரசவையில் பேசுவதுபோலத் தொடங்கினார்.

"அம்மணி! கொரியமென்ன ஆங்கிலமென்ன, மொழிக்கெல்லாம் ஆசிரியையே! இந்த ஏழைக்குக் கொஞ்சம் ஜின்செங் கலக்கி அருள்வீர்களா?"

"கலக்கித் தர்றேங்க" என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "பெயர் சரியா சொன்னீங்க, வினைச்சொல்லும் சரி. இந்தப் பக்கம் முடியட்டும், இருபது நிமிஷம் ஆகும்."

பக்கத்து மேசையிலிருந்து யாரோ மூக்கால் சிரித்தார்கள். பியோ இருபது நிமிடம் காத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அவளைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

தாளை அன்று மாலையே கிழித்துவிட்டார்கள். மறுநாள் காலை இன்னொன்று இருந்தது. ஒன்பது நாள் கிழித்தார்கள், பத்து நாள் ஒட்டினாள்.

இந்த இழுபறிக்கு நடுவில்தான் கார் விவகாரம் நடந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொரிய மொழியில் ச்சாவுக்குத் தேநீர் மட்டும் பொருள் இல்லை. காருக்கும் அதே சொல்தான். உதை என்பதற்கும் அதேதான். மதியச் சாப்பாடு முடிந்து தொழிற்சாலை முற்றத்தில் ஆண்கள் பந்து விளையாடும்போது, "ச்சா! ச்சா!" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். யாரும் அவர்களுக்குக் கோப்பை நீட்டியதில்லை.

ஜூன் மாதம், அமெரிக்காவிலிருந்து சரக்கு வாங்குகிற இருவர் வந்திருந்தார்கள். நம்குங் தன் அறையில் அவர்களை உட்காரவைத்திருந்தார். கதவு திறந்தே இருந்தது. விருந்தாளிகள் முன்னால் தன் கை ஓங்கியிருப்பதைக் காட்ட வேண்டுமோ என்னவோ, அறையிலிருந்தே குரல் கொடுத்தார்.

"ஏய், மிஸ் பாங்! ச்சா கொண்டா!"

சுன்னாமின் கை தொலைபேசியின் மேல் போனது. எடுக்கிற அந்த நொடிக்கு முன்னால் அப்படிச் செய்யப்போகிறோம் என்று தனக்கே தெரியாது என்பாள். ஓட்டுநர் அறைக்கு எண்ணைச் சுழற்றி, "இயக்குநர் ஐயா ச்சா கேக்கறாருங்க. உடனே முன்வாசலுக்கு" என்றாள். வைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தட்டச்சைத் தொடர்ந்தாள்.

ஐந்து நிமிடத்தில் கம்பெனியின் கறுப்புக் கார் முன்வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் வெள்ளைக் கையுறையோடு மாடியேறி வந்து, அறை வாசலில் நின்று வணங்கி, "தயாருங்க ஐயா" என்றார். சன்னல் வழியாகக் காரைப் பார்த்த அமெரிக்கர்கள், பேச்சு முடிந்துவிட்டது, தங்களை அனுப்பிவைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். இருவரும் எழுந்து கோட்டை மாட்டி, நம்குங்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

அவர்களை மறுபடி உட்காரவைக்க நம்குங் பட்டபாட்டை மொத்த மாடியும் பார்த்தது. விருந்தாளிகள் கிளம்பிப் போன மறுநிமிடம் அவர் வெளியே வந்தார்.

"நான் என்ன கேட்டேன்?"

"ச்சா கேட்டீங்க ஐயா."

"குடிக்கிற ச்சா!"

"அப்படிச் சொல்லலியேங்க. கொண்டான்னுதான் சொன்னீங்க. கொண்டுவரச் சொல்லிட்டேன்."

"என்னைக் கேனையன்னு நினைச்சியா?"

"இல்லைங்க ஐயா. அந்தச் சொல்லுக்கு மூணு அர்த்தம் இருக்கு. முதல் அர்த்தத்துக்குப் பேரைச் சொல்லிக் கேக்கணும்னு கதவுல ஒட்டியிருக்கேன். அதான் ரெண்டாவதைச் செஞ்சேன்." ஒரு நொடி நிறுத்தினாள். "மூணாவதைச் செய்யல."

மூன்றாவது பொருள் எது என்று எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் அவளை மாதிரிக் கிடங்குக்கு மாற்றினார்கள். கீழ்த்தளத்தின் பின்கோடியில் சன்னல் இல்லாத அறை. வெளிநாட்டுக்கு மாதிரி காட்டச் செய்த காலணிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன, அத்தனையும் இடது கால் மட்டும். அவற்றுக்கு எண் சீட்டு ஒட்டுவதுதான் வேலை. தானாக வேலையை விட்டுப் போய்விடுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அதற்கு முன்னால் இரண்டு பெண்கள் அப்படித்தான் போயிருந்தார்கள். சுன்னாம் வீட்டிலிருந்து ஒரு விளக்கும் குட்டிக் காற்றாடியும் கொண்டுவந்து மாட்டினாள். மேலே இருந்தவர்களுக்கு அதுவே பதிலாகப் போய்ச் சேர்ந்தது.

தான் ஜெயித்துவிட்டதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். கோடை முடியும்வரை அந்த நினைப்பிலேயே இருந்தாள். செப்டம்பரில் ஒரு மதியம், தொழிற்சாலை வாசலில் இருந்த பன்றி இறைச்சிச் சோற்றுக்கடையில் க்வாக் மிரான் எதிரே வந்து உட்கார்ந்தாள். ஏற்றுமதிப் பிரிவில் சுன்னாமுக்கு அடுத்து வந்த தட்டச்சர், அவளைவிட மூன்று வயது இளையவள். வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது.

"என்ன ஆச்சு கையில?"

"கெண்டி." மிரான் கரண்டியை எடுக்கவில்லை. "அக்கா, ஒண்ணு கேக்கவா? நீங்க போனப்புறம் உங்க கோப்பையெல்லாம் எங்க போச்சுன்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா?"

சுன்னாம் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என் தட்டுலதான் வந்துச்சு. என் வேலையும் உங்க வேலையும். எல்லாரும் உங்களைப் பத்திப் பேசிச் சிரிக்கிறாங்க, பெரிய ஆளுங்கறாங்க. உங்க வீரத்தைத் தட்டுல வச்சுத் தூக்கிட்டுப் போறது நான்."

கடைக்காரி வந்து இன்னும் குழம்பு வேணுமா என்று கேட்டுவிட்டுப் போனாள். சுன்னாமுக்கு முகம் எரிந்தது. இயக்குநர் கத்தியபோது எரியாத முகம்.

"நான் காலையில முன்னாடியே வந்து பாதி செஞ்சு தரவா?"

"நீங்க வந்து தூக்க வேணாம்" என்றாள் மிரான். "இறக்கி வைக்க வழி இருந்தா சொல்லுங்க."

அன்றிலிருந்துதான் சுன்னாம் மற்றவர்களோடு பேசத் தொடங்கினாள். அதுவரை ஒன்பது பெண்களில் பாதிப்பேருடைய முழுப் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. அவளும் அவர்களை 'மிஸ்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கழிவறையில், பேருந்து நிறுத்தத்தில், துணி துவைக்கிற ஞாயிற்றுக்கிழமையில் வீடு தேடிப் போய் என்று ஒவ்வொருவராகப் பேசினாள். வருடம் ஓடிற்று. ஐந்து பேர் சரி என்றார்கள். மூன்று பேர் மாட்டேன் என்றார்கள். அதில் ஒருத்தி சொன்னாள், "எங்க பிரிவுத் தலைவர் நல்லவருங்க. தயவுசெஞ்சுன்னு சொல்லித்தான் கேப்பார்."

"அவ்வளவு நல்லவருன்னா அவரே எடுத்துக்கலாமே."

"கெண்டி எங்க இருக்குன்னே அவருக்குத் தெரியாதுங்க."

"அதைத்தான் சொல்றேன்."

1987 ஆகஸ்டில் நாடெங்கும் வேலைநிறுத்தத்தால் தொழிற்சாலைகள் நின்றன. சாசாங்கிலும் நின்றன. ஒரு காலை கீழ்த்தளத்து இயந்திரங்கள் வரிசை வரிசையாக ஓய்ந்து, இரண்டாயிரம் பெண்கள் முற்றத்துக்கு வந்து வெயிலில் உட்கார்ந்தார்கள். அவர்களில் முன்னால் நின்றவள் தோ மல்சுக். மூன்றாம் வரிசையில் அடிப்பாகம் ஒட்டுகிறவள், குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. காலணிப் பெட்டி மூடியின் உட்புறத்தில் கோரிக்கைகளை எழுதிக்கொண்டிருந்தார்கள். சுன்னாமும் மிரானும் இன்னும் நால்வரும் கருநீலச் சீருடையோடு படியிறங்கி வந்தபோது முற்றமே திரும்பிப் பார்த்தது.

"மேல்மாடி மகாராணிகளுக்கு இங்க என்ன வேலை?" என்றாள் மல்சுக்.

சுன்னாம் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வெடித்தது.

"அடியே, கேட்டீங்களா? நாங்க ஒண்ணுக்குப் போக அனுமதிச் சீட்டு வாங்குறோம். கேட்டா மூணு நிமிஷம்தான். இவங்களுக்குத் தேத்தண்ணி தூக்கறது கஷ்டமாம்!"

"சிரிங்க" என்றாள் சுன்னாம். "உங்களை மேற்பார்வைக்காரன் எப்படிக் கூப்பிடுவான்?"

"ஏன்? 'ஏய், ஏழாம் நம்பர்'னு."

"எங்களை 'ஏய், ச்சா'ன்னு. உங்களுக்காவது ஒரு நம்பர் இருக்கு."

மல்சுக் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "கார் கொண்டுவரச் சொன்னது நீதானா?"

"நான்தான்."

"அதைக் கேட்டு எங்க வரிசையில நாலு நாள் சிரிச்சோம்டி." பெட்டி மூடியை எடுத்துக் கடைசி இடுக்கில் எழுதச் சொன்னாள். பதினேழாவது கோரிக்கை: அலுவலகப் பெண்கள் தேநீர் சுமப்பது நிறுத்தப்பட வேண்டும்.

பேச்சுவார்த்தை ஆறு நாள் நடந்தது. அனுமதிச் சீட்டு ஒழிந்தது. ஞாயிறு விடுமுறை வந்தது. சம்பள உயர்வில் கேட்டதில் பாதி கிடைத்தது. பதினேழுக்கு வந்ததும் நம்குங் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதெல்லாம் ஒரு கோரிக்கையா? இது நம்ம பண்பாடு. விருந்தாளிக்கு ஒரு வாய் ச்சா குடுக்கறது தப்பா?"

"எந்த ச்சாங்க?" என்றாள் சுன்னாம்.

அவருக்கு வாய் வரைக்கும் வந்த வசவு நின்றது. அந்த ஒன்றிலேயே இரண்டு நாள் இழுத்தடித்தார். கடைசியில் மல்சுக்தான் மேசையைத் தட்டினாள். "கக்கூஸை விட்டுக் குடுத்துட்டீங்க. கோப்பையை விட மாட்டேங்கிறீங்களே ஐயா! அப்படி என்ன அதுக்குள்ள?"

அந்த நாட்களில் மேல்மாடியில் அடுப்பு எரியவில்லை. மாட்டேன் என்றிருந்த மூவர் மட்டும் முதல் இரண்டு நாள் பார்லித் தண்ணீர் வைத்தார்கள். மூன்றாம் நாள் எரிவாயு தீர்ந்துபோனது. புது உருளைக்கு யாரிடம் சொல்ல வேண்டும் என்று நாற்பது ஆண்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. மூவரில் ஒருத்திக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை. 'நல்லவர்' பிரிவில் வேலை செய்தவள்தான் அவள்.

எட்டாம் நாள் பதினேழாவதிலும் கையெழுத்து விழுந்தது.

அலுவலக நடைகூடத்தில், காசு போட்டால் காகிதக் கோப்பையில் ஊற்றித் தருகிற இயந்திரம் ஒன்று வந்தது. வெந்நீர் அறை எல்லோருக்கும் பொதுவானது, கழுவுகிற வேலையும் சேர்த்து. நம்குங் தன் ஓட்டுநரை அனுப்பிக் காபி வரவழைத்தார். வண்டி ஓட்டத்தான் தன்னை எடுத்தார்கள் என்று அந்த மனிதரும் இரண்டாம் வாரம் சொல்லிவிட்டார். அதன் பிறகு இயக்குநரும் வரிசையில் நின்றார். வரிசையில் அவருக்கு யாரும் வழிவிடவில்லை என்று சொன்னால் பொய். வழிவிட்டார்கள். ஆனால் பித்தானை அவரே அழுத்தினார்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. கண்டன ஓலை அவள் கோப்பில் அப்படியே கிடந்தது. கிடங்கிலிருந்து மேலே வர அவளுக்கு இன்னும் பதினான்கு மாதம் ஆயிற்று. மிரானின் மணிக்கட்டுத் தழும்பு போகவில்லை. அவளும் சுன்னாமும் சிநேகிதிகள் ஆனார்கள், ஆனாலும் அந்தச் சோற்றுக்கடைப் பேச்சை இருவருமே எடுத்ததில்லை. 1988 இலையுதிர் காலத்தில், புதிதாக எடுத்த ஆள் மூன்று முறை துறைமுகத்தின் பெயரைத் தப்பாக அடித்து, சரக்கு வேறு நாட்டுக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் சுன்னாமைக் கூப்பிட்டார்கள்.

மேலே வந்த முதல் வாரத்தில் பிரிவுத் தலைவர் பியோ கையில் ஒரு கோப்பையோடு அவள் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாங் சுன்னாம் அவர்களே" என்றார். ஆறாண்டில் முதல்முறையாக முழுப் பெயர். "இந்த யுல்மு மாவு கட்டி கட்டியா நிக்குதே, ஏன்?"

"வெந்நீரை நேரா ஊத்தினா அப்படித்தான் நிக்கும். முதல்ல கொஞ்சம் பச்சைத்தண்ணி விட்டுக் குழைச்சுட்டு, அப்புறம் ஊத்துங்க."

"ஓ" என்றார் அவர். திரும்பி வெந்நீர் அறைக்கு நடந்தார்.

அடுத்த வருடம் சுன்னாமுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை ஓக் சாங்ஹோ, அலுவலகத்துத் தட்டச்சு இயந்திரங்களைப் பழுதுபார்க்க மாதம் ஒருமுறை வருபவன். அதிகம் பேசமாட்டான். அவள் இயந்திரத்தை மட்டும் கடைசியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் துடைப்பான்.

அந்த அலுவலகத்தில் கல்யாணமான பெண் யாரும் இருந்ததில்லை. இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. மணநாளுக்கு ஒரு வாரம் முன்னால் பிரிவுத் தலைவர் ஒரு விலகல் தாளைக் கொடுப்பார், பெண் கையெழுத்துப் போடுவாள், எல்லோரும் சேர்ந்து ஒரு போர்வை வாங்கிக் கொடுப்பார்கள். அதுதான் வழக்கம். பியோ தாளைக் கொடுத்தார். சுன்னாம் நன்றி சொல்லி வாங்கி இழுப்பறையில் வைத்தாள். அவளும் ஒரு தாளைக் கொடுத்தாள், கல்யாண அழைப்பிதழ். கீழே ஒரு வரி தட்டச்சு செய்திருந்தாள்: "மணமகள் வியாழக்கிழமை காலை வழக்கம்போல் வேலைக்கு வருவார்."

வேடிக்கை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கல்யாணத்துக்கு வந்தார்கள், நூடுல்ஸ் சாப்பிட்டார்கள், போர்வை கொடுத்தார்கள். மல்சுக் மூன்றாம் வரிசையையே அழைத்துக்கொண்டு வந்தாள். மண்டபத்தில் அவள் போட்ட கூச்சலில் மாப்பிள்ளை வீட்டார் மிரண்டுபோனார்கள்.

வியாழக்கிழமை எட்டரைக்குச் சுன்னாம் வந்தாள். அவள் மேசைக்கு முன்னால் பியோ இன்னொரு விலகல் தாளோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

"கல்யாணம் ஆயிடுச்சே" என்றார்.

"ஆயிடுச்சுங்க. நீங்களும் வந்து ரெண்டு கிண்ணம் சாப்பிட்டீங்க."

"அப்ப இந்தத் தாளு..."

"ஐயா, உங்களுக்குக் கல்யாணம் ஆனப்ப இதுல கையெழுத்துப் போட்டீங்களா?"

பியோ தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். எதிர்மேசையில் மிரான் விசைகளின் மேல் கைவைத்தபடி காத்திருந்தாள். அவளுக்கு ஜனவரியில் நிச்சயதார்த்தம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மேலிடத்துல கேப்பாங்களே, நான் என்ன சொல்லட்டும்?"

"வந்துட்டாங்கன்னு சொல்லுங்க."

சுன்னாம் தட்டச்சு இயந்திரத்தின் உறையைக் கழற்றி மடித்து வைத்தாள். அன்று மதியத்துக்குள் ஹாம்பர்க் கப்பலுக்கான ஒன்பது பக்கத்தையும் முடித்துவிட்டாள்.